கேட்கக்கூடாத கேள்வி

குண்டு விழுகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடியோவில் கவுன்சலிங் கொடுப்பது என் வேலை. அமெரிக்காவில், ஐசலினில் வைஃபை சரியில்லை என்று அலுத்துக்கொள்ள அருகதையே இல்லாதவள் நான் ஒருத்திதான். வீட்டிலிருந்தே வேலை என்று மாட்டிக்கொண்ட உங்களுக்கு என் பாடு புரியும்.

முதல் நாளே சொதப்பல்

மரியத்துக்கு எட்டு வயது. வீடு இடிந்த நாளிலிருந்து மூன்று வாரமாக யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற அம்மாவிடம்கூட! அவளைப் பேசவைக்கத்தான் என்னைப் போட்டார்கள். அவள் பாஷை எனக்குத் தெரியாது. அகதி முகாமில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் இங்கிலீஷை அவளுக்கு மாற்றிச் சொல்பவள் ஹானா.

எத்தனை ட்ரெய்னிங் எடுத்து என்ன? கேமரா ஆன் ஆனதும் என் ஈரோட்டு வாய் முந்திக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் நாம் முதலில் கேட்பதையே கேட்டுத் தொலைத்தேன்: சாப்பிட்டியா? அன்று முகாமுக்கு ரொட்டி வண்டி வரவே இல்லையாம். மரியம் தலையைக் குனிந்துகொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஹானா மெதுவாகச் சொன்னாள்:

"மேடம், இனிமே வெயிலா மழையான்னு கேளுங்க. அது ஒண்ணுதான் இங்க குறையில்லாம வருது."

ஓட்டை தோசை

அப்புறம் தினமும் வெயில், மழை, படம் வரைதல். மரியம் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் காலை, செஷன் நடுவே என் ஆறு வயது மகள் நிலா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அப்பா சுட்ட தோசையின் நடுவில் பெரிய ஓட்டை. அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் கேமராவைப் பார்த்தாள். ரூல்ஸ்படி மகா தப்பு. எழுந்து அவளை இழுத்தேன்.

நல்ல வேளை, அன்று அங்கே ரொட்டி வந்திருந்தது. மரியம் தன் ரொட்டியின் நடுவில் கடித்து ஓட்டை போட்டு, அதன் வழியாக எங்களைப் பார்த்தாள். ஐயோ, அந்தக் கண்ணில் சிரிப்பு! வீடியோ கால் முடிந்ததும் நான் அழுததைப் பார்த்து நிலா சொன்னாள்:

"அம்மா, ஒய் ஆர் யூ க்ரையிங்? ஷி வாஸ் ஜஸ்ட் ப்ளேயிங்!"

அந்தப் பக்கத்திலிருந்து

இரண்டு வாரம் கழித்து, நிலாவை ஸ்கூலில் ட்ராப் பண்ணிவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவந்து உட்கார்ந்தேன். வெயிலா என்று நான் கேட்பதற்குள் மரியத்தின் உதடு அசைந்தது. ஹானா அப்படியே உறைந்துபோயிருந்தாள். நெட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அழுதுகொண்டே சொன்னாள்:

"மேடம், நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கறா!"

அங்கே சண்டை இன்னும் நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் இரண்டு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் செஷனுக்கு உட்காருகிறேன், எட்டு வயது சூப்பர்வைசரிடம் பொய் சொல்ல முடியாது பாருங்கள்.