அண்ணாவைப் பார்க்க வந்தவர்

எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாளாகியும் கனடா நேரம் அண்ணாவின் உடம்பை விட்டுப் போகவில்லை என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணா என்றால் அம்மாவின் அக்கா மகன். பெரியப்பாதான் அவரைக் கனடாவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பதினேழு வயது. எங்கள் வாசற்படியில் தலை இடிபடாமல் இருக்கக் குனிந்துதான் உள்ளே வருவார். அவ்வளவு பெரிய உடம்பை விட்டுப் போகக் கனடா நேரத்துக்கும் நாள் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

இத்தாலியின் பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு இருந்தது. அண்ணாவுக்கு என் அறையைக் கொடுத்திருந்தார்கள். பகல் முழுவதும் அவர் யன்னலின் மரக்கதவுகளைச் சாத்தி, கண்களுக்கு மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். மே மாத வெய்யிலைப் பார்க்க வெளிநாட்டார் காசு கொடுத்து வருகிற ஊரில் இவர் மட்டும் இருட்டைத் தேடி வந்தவர்போல் இருந்தார்.

அந்தக் கோடையில் அவருக்கு டிராஃப்ட் இருந்தது. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி அணிகள், பதினெட்டு வயதை எட்டும் விளையாட்டுக்காரர்களை ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லித் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் நாள் அது. அதற்கு முன்னால் அணிகளின் ஆட்கள் ஒவ்வொரு பிள்ளையையும் தேடிப் போய்ப் பார்த்து, பேசி, எழுதிக்கொண்டு போவார்கள். பனிக்கட்டியை மீன்கடைத் தட்டிலும், பழச்சாற்றை உறையவைத்து விற்கும் கிரனித்தாக் கோப்பையிலும் மட்டுமே கண்டிருந்த எனக்கு அப்பா இதைச் சுலபமாக விளங்கப்படுத்தினார். "பொம்பிளை பாக்கிற மாதிரித்தான், பிள்ளை. இதிலை ஒராளை முப்பது வீட்டுக்காரர் வந்து பாக்கினம்."

ஒரு சனிக்கிழமை காலை, "தம்பி கொஞ்சம் காத்தோட்டமா நடந்திட்டு வரட்டும்" என்று பெரியப்பா எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். நான்தான் வழிகாட்டி. வியா மக்வேதாத் தெருவில் யாரோ ஒலிபெருக்கி வைத்துப் பாடிக்கொண்டிருந்தான். அதைத் தாண்டும்போது அண்ணா சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். விளையாடுகிறார் என்று நினைத்து நானும் சுவரைத் தடவினேன். வுச்சீரியா மீன்சந்தைக்குள் இறங்கியதும், "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கையைக் காட்டினேன். நாலு அடி நடந்தோம். "வீடு எந்தப் பக்கம்?" என்றார். மறுபடி காட்டினேன். மூன்றாம் முறையும் கேட்டார். அவர் பகிடி விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வெறும் மீன்பெட்டிகளை அடுக்கியிருந்த மூலையில் அண்ணா முழங்காலில் நின்று, காலையில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தார். பக்கத்துக் கடைக்காரப் பெண் ஒரு போத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து, பாவம், பாவம் என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் போனபிறகு அண்ணா என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"நீ ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. ஓகே?"

"என்ன வருத்தம் உங்களுக்கு?"

"வருத்தம் இல்லை. கடைசி கேம்ல ஒருத்தன் வந்து இடிச்சவன். தலை கண்ணாடிச் சுவரிலை பட்டது." போத்தலை மூடிவிட்டு, "இது செகண்ட் டைம்" என்றார்.

"பெரியப்பாக்குத் தெரியுமோ?"

"அப்பாக்குத் தெரியாது. நான் உடனை எழும்பி விளையாடினனான். அடுத்த மாசம் டொக்டர்மார் செக் பண்ணுவினம். அதுக்குள்ளை சரியாயிடும். அப்பாக்குத் தெரிஞ்சா அவர் உடைஞ்சு போயிடுவார்."

உள்ளங்கையை நீட்டினார். நான் அதில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவருடைய கை ஈரமாக இருந்தது.

அந்தச் சத்தியத்தோடு எனக்குப் பயமும் வந்து சேர்ந்தது. அம்மா வேலை செய்த வீட்டு முதலாளியம்மா சின்யோராவின் கணவர் முந்தின வருடம் குளியலறையில் விழுந்து தலையை அடித்துக்கொண்டவர். இரண்டு நாள் எழும்பி நடந்தார், சாப்பிட்டார், அம்மாவோடு சிரித்துக் கதைத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரப் படுத்தார். பிறகு எழும்பவில்லை. அம்மா இதை அப்பாவிடம் சொன்னபோது நான் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகையால் மத்தியான நித்திரைதான் ஆபத்தானது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன். மூன்று மாடியையும் மூச்சு வாங்க ஏறி, சப்பாத்தைக் கழற்றாமலே அறைக்குள் போவேன். துவாயின் கீழே, அண்ணாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். சூடு தெரியும். கட்டிலின் காலடியில் இருந்துகொண்டு நூறு வரை எண்ணுவேன், மறுபடி விரலை வைப்பேன். ஒருநாள் எவ்வளவு நேரம் வைத்தும் ஒன்றும் படவில்லை. இன்னும் கிட்டக் குனிந்தேன். அவர் புரண்டு படுத்து, என்ன என்று கேட்டார். நுளம்பு என்றேன்.

பயத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எனக்கு அண்ணா மீது கோபமும் இருந்தது. சாகப் போகிறவர் கனடாவிலேயே செத்திருக்கலாம், என் கட்டிலில் வந்தா படுக்க வேண்டும் என்று ஒருதரம் நினைத்தேன். நினைத்த உடனேயே சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று, நான் அப்படி நினைக்கவில்லை என்று சொன்னேன்.

பிறகு ஒரு தொலைபேசி வந்தது. பெரிய அணி ஒன்றுக்காக ஆட்களைப் பார்த்துச் சொல்கிறவர் இத்தாலியின் வடக்கே மலைப்பக்கத்தில் குடியிருந்தார். பையன் இத்தாலியில்தான் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு, பலெர்மோவுக்கே வந்து வீட்டில் பார்க்கிறேன் என்றார். பெரியப்பா வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். "வேண்டாமெண்டு சொன்னா ஏதோ இருக்கெண்டு நினைப்பினம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ரோல்ஸ் சுடுவதற்கு இறைச்சி வாங்கப் போனார்.

அவர் வந்த நாளில் பெரியப்பா தானே போய் எல்லா யன்னல்களையும் திறந்தார். அண்ணா முகம் வழித்து, அம்மா தேய்த்துக் கொடுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து இருந்தார். அப்பா வேலைக்குப் போய்விட்டார். வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. முன்பற்கள் மற்றப் பற்களைவிட வெள்ளையாக இருந்தன. யாரோ பலர் சேர்ந்து அடித்த முகம்போல் இருந்ததால் நான் குசினிக் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

அண்ணாவோடும் பெரியப்பாவோடும் அவர் ஆங்கிலத்தில் கதைத்தார். பெரியப்பாவின் உயரத்தைக் கேட்டார், மணிக்கட்டைப் பார்த்தார், பெரியம்மாவின் உயரத்தையும் கேட்டு எழுதினார். பிள்ளை இன்னும் வளர்வானா என்று பார்க்கிறார் என்று பெரியப்பா தமிழில் அம்மாவுக்குச் சொன்னார். அம்மா தேநீர் கொண்டுவந்தபோது அண்ணா எழும்பிக் கதிரையை நகர்த்திக் கொடுத்தார். அதையும் வந்தவர் எழுதினார். மேசையில் சின்னச் சின்ன மஞ்சள் நெஸ்போலிப் பழங்கள் இருந்தன. கதைத்துக்கொண்டே அவர் ஒன்றை எடுத்து அண்ணாவிடம் எறிந்தார். அண்ணா இடக்கையால் பிடித்தார். இன்னொன்றை எறிந்தார். அது அண்ணாவின் நெஞ்சில் பட்டு நிலத்தில் உருண்டது. பெரியப்பா பெரிதாகச் சிரித்தார், அண்ணாவும் சிரித்தார். வந்தவர் சிரிக்கவில்லை.

பிறகு என்னைக் கண்டு கையசைத்துக் கூப்பிட்டார். என்னோடு இத்தாலிய மொழியில் கதைத்தார். அது பெரியப்பாவுக்கும் அண்ணாவுக்கும் ஒரு சொல்லும் தெரியாத பாஷை.

உனக்கு ஹொக்கி பிடிக்குமா என்றார். தலையாட்டினேன். உன் அண்ணா இங்கே நாள் முழுக்க என்ன செய்கிறார் என்றார். சும்மா கேட்கிற குரல்தான். நான் அண்ணாவைப் பார்த்தேன். ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். யன்னல் வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்து, அவர் கண்களில் நீர் கட்டியிருந்தது. குசினியில் எண்ணெய் கொதிக்கும் சத்தம். சத்தியம் செய்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"படுத்திருப்பார். வெளிச்சம் கூடாது. மீன்சந்தையிலை சத்தி எடுத்தவர். வீட்டுக்கு வழி மறந்துபோச்சுது" என்றேன். பிறகு, இத்தனை நாளும் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டேன். "அவர் நித்திரையிலை செத்துப்போவாரோ?"

வந்தவர் பேனாவை மேசையில் வைத்தார். எண்ணெய்ச் சத்தம் நின்றிருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கதவில் வந்து நின்றார். அவர் அம்மாவைப் பார்த்து, பிள்ளை சொல்வது உண்மையா என்று கேட்டார். சின்னப் பிள்ளை, ஏதோ உளறுகிறாள் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மா என் பின்னால் வந்து இரண்டு தோளிலும் கை வைத்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனா இவள் பொய் சொல்லமாட்டாள்" என்றார், வேலைவீட்டில் பழகிய இத்தாலிய மொழியில்.

"என்ன கதைக்கிறியள்?" என்றார் பெரியப்பா.

"தம்பியின்ரை சுகத்தைப் பற்றித்தான், அத்தான்."

வந்தவர் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். இந்த முறை ஆங்கிலத்தில், மெதுவாக, எனக்கே விளங்குகிற மாதிரிக் கேட்டார். "எந்த டொக்டரிடம் காட்டினீர்கள்?"

பெரியப்பா தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். "இன்னும் இல்லை" என்றார்.

அண்ணா திரும்பித் தன் தகப்பனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் காட்டிக்கொடுத்தது தெரிந்துவிட்டது, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அந்தப் பக்கம் பார்க்கிறார் என்று எண்ணி அம்மாவின் சீலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். வந்தவர் போகும்போது என் முன்னால் குனிந்து, "சாகமாட்டார். நீ கேட்டது நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே அண்ணாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் இரத்தக் கசிவு இல்லை. ஆனால் ஒரு வருடத்துக்கு விளையாடக் கூடாது, மூன்றாவது அடி பட்டால் யாரும் எதற்கும் உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். அடுத்த மாதம் ஒரு காலையில் அப்பா கணினியில் டிராஃப்ட் பட்டியலை மேலிருந்து கீழே வரை பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். அண்ணாவின் பெயர் இல்லை. பிறகும் எந்தப் பெரிய அணிக்கும் அவர் விளையாடவில்லை. இப்போது கனடாவில் மின்சார வேலை செய்கிறார். ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். மழைக்கு முன்னால் தலை இடிக்கும் என்பார்.

கனடாவுக்குத் திரும்பிப் புறப்பட்ட நாளில் பெரியப்பா அம்மாவிடம், "உன்ரை பிள்ளையெண்டா இப்பிடிச் செய்திருப்பியோ?" என்று கேட்டார். "என்ரை பிள்ளையெண்டாலும் இதைத்தான் செய்திருப்பன், அத்தான்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு இரண்டு வருடம் பெரியம்மாவிடமிருந்து தொலைபேசி வரவில்லை. அந்த இரண்டு வருடத்தையும் நான்தான் உண்டாக்கினேன் என்று பயந்துகொண்டே வளர்ந்தேன்.

அண்ணாவுக்கு இத்தாலிய மொழி தெரியாது. நான் சொன்னதில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்காது. இந்த எளிய விஷயமே எனக்கு உறைக்க எத்தனையோ வருடம் பிடித்தது. ஒன்றும் தெரியாத தகப்பனாக இருந்தால், எதற்கு டொக்டர் என்றுதான் கேட்டிருப்பார். பெரியப்பா, இன்னும் இல்லை என்றார். அந்தக் கடைசி ஆட்டத்தில் அவரும் அரங்கில் இருந்தவர்தான். தன்னிடமிருந்து மறைக்க மகன் என்ன பாடுபட்டான் என்பதையும் பார்த்துக்கொண்டு, பனியும் இல்லாத, பையனை அறிந்தவர் யாரும் இல்லாத ஓர் ஊருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணா அன்று அவ்வளவு நேரம் திரும்பிப் பார்த்தது, தகப்பனுக்கு எல்லாம் தெரியும் என்பதை முதன்முதலாக அறிந்துகொண்டுதான். எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி அப்போது பயந்துபோய் இருந்தவள் நான் ஒருத்தி மட்டுமல்ல என்பது அந்த ஒன்பது வயதுக்குத் தெரியவில்லை.