அங்கம்மா கண்ணுக்கு இரண்டு பேர்

தோட்டத்து மருந்துக்காரன் உத்தியோகத்தில் பாதி வேலை மருந்து கொடுப்பது, மீதி வேலை அதை விழுங்க வைப்பது. உங்களில் யாராவது மலைநாட்டில் இந்த வேலை பார்த்திருந்தால் இந்நேரம் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். கையில் கொடுத்தனுப்பிய குளிசை சாக்கடைக் கானில் மிதக்கும். போத்தலில் ஊற்றிக் கொடுத்த கலவை வாழைக்கு உரமாகும். நானும் உங்களைப் போலத்தான் தலையில் அடித்துக்கொண்டேன். நானுஓயாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தவை இவை.

நாக்கைத் தூக்கு

போன முதல் வாரமே ஒரு சட்டம் போட்டேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன், நோயாளி என் முன்னால் நின்று குளிசையை விழுங்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். எனக்கு வராத வசவில்லை. ஆனால் அங்கம்மா மட்டும் நான் கேட்காமலே காட்டுவாள். புருஷனை இழந்தவள், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். அவள் விரல் மூட்டெல்லாம் வாதத்தில் வீங்கி, கொழுந்தைக் கிள்ள முடியாமல் போயிருந்தது. வேலைக்கு வராவிட்டால் பெயரை வெட்டி, தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவையும் காலி செய்யச் சொல்லிவிடுவேன் என்று கங்காணி மாரிமுத்து அவளை மிரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது எங்கள் தோட்டத்துக்கு வந்து போன டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயது, சீமையில் படித்துவிட்டு வந்தவர். இந்த வாதத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்பது அவர் கட்சி. கிருமியைக் கொல்லும் அன்டிபயோட்டிக் குளிசை ஒன்றை, மஞ்சள் நிறம், நாள்தோறும் விடாமல் கொடுக்கச் சொன்னார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மழை விடுவதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. ஒரு காலையில் அவள் என் முன்னால் கையை இறுக்கி மூடி, பூவைப் போல விரித்துக் காட்டினாள்.

"இந்த மஞ்சக் குளிசைக்குப் பொட்டு வச்சுக் கும்புடணுங்க, ஐயா."

லீவு நாளில் ஓடிய மிசின்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பனி இறங்கி, எதிரே இருந்த ஃபெக்டரி கூடத் தெரியவில்லை. அங்கம்மா நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளாகவே காலையில் தலை பிளக்கிறதாம், குனிந்தால் இன்னும் மோசமாம். தலைவலிக்குக் குளிசை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள். "இன்னைக்கும் ஃபெக்டரி ஓடுதுங்களா, ஐயா?" என்றாள்.

ஃபெக்டரி பூட்டிக் கிடந்தது. காக்காய்ச் சத்தம்கூட இல்லை. நானும் முட்டாள்போல அந்தப் பக்கம் காதைக் கொடுத்துப் பார்த்தேன். அவள் காதுக்குள் மட்டும் ஃபெக்டரியின் பெரிய ரோதைச் சக்கரம் 'உஸ் உஸ்' என்று சுற்றிக்கொண்டிருந்ததாம். ஃபெக்டரி ரோதையில் ஒரு முனி குடியிருக்கிறது, அதற்குத் தேங்காய் உடைக்காமல் மிசினைத் தொடக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம். ரோதைமுனி அங்கம்மாவைப் பிடித்துக்கொண்டது என்று லயத்தில் பேச்சு எழும்பியிருந்தது. நான் சிரித்து அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன், அவள் அடுத்துச் சொன்னது சிரிக்க விடவில்லை.

"மலை ஏறுறப்ப வேகமா ஓடுதுங்க. உக்காந்தா மெதுவா ஓடுது. நான் செத்தாத்தான் நிக்கும் போல."

கங்காணிக்குப் பக்கத்தில்

மாரிமுத்து கங்காணிக்கு வாய்தான் ஆயுதம். மலையில் நாலு தேயிலை நிரைக்கு அப்பால் நின்றுகொண்டு அங்கம்மாவைக் கண்டபடி ஏசியிருக்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்தாளாம். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாளாம். "ரெண்டு பேரா நிக்கிறீங்களே, நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றாளாம். மலையில் கூடையோடு நின்ற அத்தனை பேரும் கங்காணிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் பனியைப் பார்த்திருக்கிறார்கள்.

மத்தியானம் கங்காணி என்னிடம் வந்தார். வயிற்று வலி என்றார். எந்தப் பக்கம் என்றால் சொல்லத் தெரியவில்லை. அவருடைய முதல் சம்சாரம் செத்துப் போனதைப் பற்றித் தோட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அவர் முன்னால் நிச்சயமாக இல்லை. கலவை மருந்தை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவர் திரும்பி வந்தார். ஊரையே அதட்டும் அந்தக் குரலை அவ்வளவு மெல்லியதாக நான் கேட்டதே இல்லை.

"பக்கத்துல நின்னது ஆம்பளையா பொம்பளையான்னு அவகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா, ஐயா?"

தண்ணீர்க் கோப்பை

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அங்கம்மா காம்பரா வாசலில் வெற்றிலையும் தேங்காயுமாக ஆட்கள். தங்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அம்மாவா, செத்த பிள்ளையா என்று கேட்டார்கள். குறி சொல்லும் கோடாங்கிகூட அவளைக் கண்டால் ஒதுங்கி நின்றான். என் டிஸ்பென்சரிக்கு அவ்வளவு கூட்டம் ஒருநாளும் வந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் காலை வழக்கம்போல் குளிசைக்கு வந்தாள். தண்ணீர்க் கோப்பையை நீட்டினேன். அவள் கை கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்தது. இரண்டாம் முறையும் அப்படியே. உட்கார வைத்து விசாரித்ததில் எல்லாம் வந்தது. எட்டத்தில் எதைப் பார்த்தாலும் இரண்டு, குனிந்து நிமிர்ந்தால் ஒரு கணம் உலகமே கறுத்துப் போகிறது. இதை டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவள் என் காலைப் பிடித்துவிட்டாள். சொன்னால் குளிசையை நிறுத்திவிடுவார், விரல் மறுபடி முடங்கும், கங்காணி பெயரை வெட்டுவார், பிள்ளைகளோடு எங்கே போவது?

"கண்ணு போனாலும் தடவித் தடவிக் கொழுந்து எடுத்துருவேங்க. கை போனா கண்ண வச்சு என்னத்தங்க எடுக்க?"

ஒரு கண்

சொன்னேன். டொக்டர் வந்ததும் முதல் ஆளாக அவளை அழைத்தார். வாசலில் பாதி லயமே நின்றது. டொக்டர் என்னை எட்ட நிறுத்திவிட்டு, அவளுடைய ஒரு கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, எத்தனை பேர் என்றார். ஒரு ஆள் என்றாள். கையை எடுத்தார். இரண்டு ஆள் என்றாள். வாசலில் யாரோ சாமி பெயரைச் சொன்னார்கள். டொக்டர் சின்ன விளக்கை அவள் கண்ணுக்குள் அடித்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

கைக்குழந்தைகளுக்கு இந்த மருந்தால் உச்சிக்குழி வீங்குவதாகக் கேள்விப்பட்டிருக்கிறாராம், பெரியவர்களுக்கு வரும் என்று நினைக்கவில்லையாம். மண்டைக்குள் நீர் அழுத்துகிறது, காதில் ரோதை அதனால்தான், கண்ணுக்குப் போகும் நரம்பும் நசுங்குகிறது, விட்டால் குருடு என்றார். அவள் கும்பிட்டுக் கெஞ்சினாள். அவர் மஞ்சள் குளிசைப் போத்தலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"கைக்கெண்டு நான் தந்த மருந்து கண்ணைக் கேக்குது, அங்கம்மா. இனித் தரமாட்டன்."

கதவருகே

முதலில் ரோதை நின்றது. பிறகு தலைவலி போனது. அவள் விரல்களும் பழையபடி ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டன. பெயர் வெட்டப்பட்டது. ஆனால் காம்பராவை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதுமட்டுமா, ஒழுகிய கூரைக்குக் கங்காணியே ஆள் விட்டுப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்தார், அவள் வாசலைத் தாண்டும்போது தலைத்துணியைக் கழற்றினார். டொக்டரின் விளக்கத்தை லயத்தில் யாரும் காதில் வாங்கவில்லை, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தால் பிள்ளைகள் பசியில்லாமல் இருந்தார்கள்.

ஒருநாள் விரலுக்குத் தைலம் கேட்டு வந்தாள். ஒரு சோதனைக்காகத் தண்ணீர்க் கோப்பையை நீட்டினேன், மடங்கிய கையால் சரியாக வாங்கிக்கொண்டாள். "இன்னும் ரெண்டாத் தெரியுதா?" என்றேன். அவள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இப்ப எல்லாம் ஒண்ணுதாங்க. வெளியில சொல்லிப்புடாதீங்க, காம்பரா போயிரும்" என்றாள். நான் ஏன் சொல்லப்போகிறேன்? தைலத்தோடு கதவுவரை போனவள் நின்று, திரும்பி, என் தோளுக்கு மேலே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"உங்கள மட்டும் இன்னும் ரெண்டாத்தாங்க தெரியுது, ஐயா."

மருந்தால் வந்தது மருந்தோடு போய்விடும் என்று டொக்டர் சொன்னதை நான் முழுமனதோடு நம்பினேன், ஆனாலும் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை டிஸ்பென்சரியைப் பூட்டுமுன் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.