ரஸ்க்கில் வெயில் எழுதிய பெயர்

சாத்தூர் பேக்கரி ஒன்றில் ரஸ்க் அடுப்பு வெள்ளைத்தாயின் பொறுப்பு. தீப்பெட்டி கம்பெனியை விட்டு அங்கே சேர்ந்து ஒன்பது வருஷம். கடிகாரமே பார்க்கமாட்டார். ரொட்டித் துண்டுகள் தேன் நிறத்துக்கு வந்ததும் தட்டை இழுத்துவிடுவார்.

2007 சித்திரையில், நெடுஞ்சாலைக் கடையிலிருந்து நாற்பது பாக்கெட் திரும்பி வந்தது. முதலாளி சங்கரபாண்டியன் ஒன்றை நீட்டினார்.

“ஏத்தா, பேருதான் வெள்ளைத்தாயி. ரஸ்க்குமா வெளுத்து இருக்கணும்? வேகவே இல்லையே!”

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைத்தாய்க்குச் சுருக்கென்றது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நல்ல நிறம். முன்பக்கத்திலும் லேபிள் ஒட்டிய இடத்துக்கு நேராக மட்டும் சிவப்பு மாறவில்லை.

“அண்ணாச்சி, பாதி மட்டும் வேகாம இருக்குமா?”

மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். கடைக்காரர் பாக்கெட்டுகளை மேற்கு வெயிலில் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தார்.

திரும்பியதும் ஒரு தட்டு ரஸ்க்கை மொட்டைமாடியில் கண்ணாடி போட்டு மூடிவைத்தார். பாதியைக் காலண்டர் அட்டையால் மறைத்தார். மூன்று வாரம் கழித்து எல்லார் முன்னாலும் அட்டையை எடுத்தார். நடுவில் கோடு கிழித்ததுபோல ஒரு பாதி பழுப்பு, ஒரு பாதி வெளிறல்.

தேநீருக்கு வந்திருந்த கல்லூரி வேதியியல் ஆசிரியர் லட்சுமிகாந்தம் எட்டிப் பார்த்தார். “மாவுல இருக்க புரதமும் சர்க்கரையும் சூட்டுல சேர்ந்துதான் இந்த நிறம் வருது. வெயில் அதக் கொஞ்சங்கொஞ்சமா ஒடைச்சிருது. மணமும் மாறிப்போகும். இந்தம்மா பண்ணிருக்கது சரியான சோதனை.”

சங்கரபாண்டியன் தலையைச் சொறிந்தார். “தப்பு எம்மேலதாம்த்தா. கண்ணாடிக் கவர்ல போடச் சொன்னது நாந்தான.” அன்றே சிவகாசி அச்சகத்துக்குப் போன் போட்டு, வெளிச்சம் புகாத கவருக்கு ஆர்டர் கொடுத்தார்.

வெள்ளைத்தாய் அதோடு விடவில்லை. அட்டையில் எழுத்துகளை வெட்டி, ரஸ்க்குக்கு ஒன்றாக வைத்து மறுபடி மாடியில் ஏற்றினார். வைகாசிக் கடைசியில், வெளிறிய ரஸ்க்குகளின் நடுவே ‘செல்வலட்சுமி’ என்று மகளின் பெயர் பழுப்பாக எழுந்து நின்றது. பிளஸ் டூ பாஸாகியிருந்த மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள்.

மறுநாள் காலையில் அடுப்படியில், கூட வேலைபார்க்கும் மாரிசாமி தயங்கி நின்றார். “யக்கா, எம் பொண்டாட்டி பேரு பானுப்பிரியா. எழுத முடியுமா?”

“அந்தப் பேருக்கு ஆறு ரஸ்க்கு வேணும்லே” என்று சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலைத் தேடினார் வெள்ளைத்தாய்.