இருமல் வந்தால் சேனல் மாறும்

இன்றைக்குச் சட்டைப் பையிலேயே சினிமாவை வைத்துக்கொண்டு திரிகிறீர்களே... இதெல்லாம் வரும் என்று எண்பதுகளிலேயே ரெட்டிபாளையம் டீக்கடையில் சொன்னவன் நான். அன்று சிரித்தவர்கள்தான் இன்று எனக்குத் தினமும் குட் மார்னிங் அனுப்புகிறார்கள்.

வீடியோ டெக் சூடானால் ஒரு வாசனை வரும். அப்போதுதான் இஸ்திரி போட்ட டெரிலின் சட்டை மாதிரி. அந்த வாசனையில்தான் என் கல்யாணமே நிச்சயமானது.

அப்போது நான் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆலையே என் தோளில்தான் நின்றது, அது வேறு கதை. என்னிடம் டிவி கிடையாது, டெக் கிடையாது. ஆனால் சொந்தமாகப் பதினோரு கேசட்! பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கமும் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருத்தனிடம் கிடைக்காது. ட்ரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பூட்டி வைத்திருந்தேன்.

குன்னத்தில் என் தாய்மாமன். அவர் மகள் அஞ்சலை எனக்குத்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன். மாமா செய்யவில்லை. பாடாலூரில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக இருந்தார். வாத்தியார் பி.ஏ. நான் எட்டாம் வகுப்பு... அதுவும் முழுசாக இல்லை.

படிப்பில் ஜெயிக்க முடியாது, படத்தில் ஜெயிப்போம் என்று கிளம்பினேன். ஞாயிறு காலையிலேயே பெரம்பலூரில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, டிவியை பஸ் மேலே கட்டி, டெக்கைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டரே எழுந்து எனக்கு சீட் கொடுத்தார்.

"என்னடா மாப்ள, பொண்ணு கேட்டு வரவன் தாம்பாளம் தூக்கிட்டு வருவான். நீ பொட்டியத் தூக்கிட்டு வந்திருக்க?" என்றார் மாமா.

"பத்து தடவ பாத்த படம் மாமா. மங்களகரமான படம்."

ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கேசட் அட்டையில் ஹீரோவும் ஹீரோயினும் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். அதை நம்பி வாங்கியதுதான்.

மாமா சகுனம் பார்க்கிற ஆள். பூனை குறுக்கே போனால் விதைக்கிறதையே தள்ளி வைப்பார்.

ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, மத்தியானம் படம் போட்டேன். வீட்டில் குவித்திருந்த பருத்தி மேல் தெருவே உட்கார்ந்து பார்த்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது... கடைசியில் ஹீரோ இருமும் வரை.

"ஏன்டா, அவன் எதுக்கு இருமறான்?"

"தூசி மாமா."

"கர்ச்சீப்புல ரத்தமா இருக்கே?"

"வெத்தல போட்டிருப்பான் மாமா."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் கேட்டு வந்த இடத்தில் ஹீரோ செத்தால் என் கதையும் முடிந்தது! ஒரே தாவு... பட்டனை அமுக்கினேன். படம் நின்றது. "டேப்பு அவ்ளோதான் மாமா. அப்புறம் ரெண்டு பேருக்கும் கல்யாணம்" என்றேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்ல எடத்துலதான் நின்னுருக்கு." அன்று சாயங்காலமே வாத்தியாருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி ஆள் போய்விட்டது.

இன்று வீட்டில் பெரிய டிவி. மத்தியானம் இரண்டு சீரியல், அப்புறம் சமையல் போட்டி, அப்புறம் பழைய படச் சேனல். ரிமோட் அஞ்சலையிடம்தான். அந்தப் படமும் அடிக்கடி வருகிறது. ஹீரோ முதல் இருமல் இருமியதும் சட்டென்று சேனலை மாற்றிவிடுவாள்.

இவ்வளவையும் எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சமையல் போட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"பட்டன அமுக்குனது நீங்களா மாமா?"

சரி... சொல்லிவிடுகிறேன். பட்டனை நான் அமுக்கவில்லை. கரண்ட் போனது. மாமா "அப்புறம் என்னடா ஆச்சு?" என்று மூன்று தடவை கேட்டார். நான் டெக்கைத் தட்டிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அஞ்சலைதான் சொன்னாள்:

"ஒடம்பு சரியாயிடும்ப்பா. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடும்."

அவள் அந்தப் படத்தை முன்னமே அரியலூர் கொட்டகையில் பார்த்து, அழுதுவிட்டு வந்தவள். அது எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும்.

நான் இன்றுவரை அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்த்ததில்லை. இப்போது டிவி சொந்தம், கரண்டும் அவ்வளவாகப் போவதில்லை...

அவள்தான் விடுவதில்லை.