மூடியில் பதித்த ஊர்

என் தங்கை மகளுக்கு டெல்லியில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்ததும் எங்கள் வீட்டில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. தாய்மாமன் நான். வெறுங்கையை வீசிக்கொண்டு போய் வழியனுப்ப முடியாது. என்ன கொடுப்பது என்பதுதான் பேச்சு. என் மனைவி கெட்டில் வாங்கச் சொன்னாள்.

"ஹாஸ்டல்ல ராத்திரி பசிக்கும்லா. வெந்நி போட்டு மேகியாவது செஞ்சு திங்கட்டும்."

"தோல் பட்டறை வச்சிருக்கவன் மருமகளுக்குக் கெட்டில் குடுத்து அனுப்புனான்னு நாலு பேரு சிரிக்கவா?" என்றேன். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவள் விடாமல் சண்டை பிடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பம்பாய் தாராவியில் எங்கள் பட்டறையில் பை தைக்கிறோம். தைக்கிற பை எதிலும் எங்கள் பெயர் இருக்காது. கடைக்காரர்கள் அவரவர் பெயர் போட்ட பட்டையை அனுப்புவார்கள், நாங்கள் அதை வைத்துத் தைத்துக் கொடுப்போம். பாந்திராவில் ஒரு பெரிய கடையின் கண்ணாடி அலமாரியில் எங்கள் கைத் தையலைப் பார்த்துவிட்டு, அது எங்களுடையது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் நகர்ந்து வந்திருக்கிறேன். இத்தனை வருஷத் தொழிலில் அது ஒன்றுதான் எனக்குக் குறை.

மருமகளைக் கூப்பிட்டு எப்படிப்பட்ட பை வேண்டும் என்று கேட்டேன். உட்கார்ந்து படமே வரைந்து காட்டினாள். தோளில் குறுக்காக மாட்டுகிற பை, முன்பக்கம் மூடி, உள்ளே லேப்டாப்பும் வரைகிற நோட்டும் கொள்ள வேண்டும்.

"சீதா-சாதாவா, ப்ளைனா இருக்கட்டும் மாமா. பேரு கீரு ஒண்ணும் போடாதீங்க. பஸ், அது போதும்."

"ஏம்ட்டி, ஒம் பேரு கூடவா வேண்டாம்?"

"ஒண்ணுமே வேண்டாம் மாமா."

அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எந்த ஏரியா என்று வெளியே கேட்டால் இங்கே பாதிப் பேர் பக்கத்திலிருக்கிற சயான் என்பார்கள், மீதிப் பேர் மாட்டுங்கா என்பார்கள். வேலை கேட்டுப் போனாலும் அப்படித்தான், பெண் கேட்டுப் போனாலும் அப்படித்தான். தாராவி என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் ஒரு நொடி மாறும். அதைப் பார்க்க யாருக்கும் பிடிப்பதில்லை. புது இடத்தில் பத்தோடு பதினொன்றாக இருந்து படிக்க வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். எனக்கோ அந்த சயான் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சோறு போடுகிற இடத்தின் பேரைச் சொல்ல என்ன கேடு?

பித்தளையில் அச்சு வெட்டக் கொடுத்தேன். 'தாராவி, பம்பாய்' என்று, எல்லாரும் படிக்கட்டும் என்று ஆங்கில எழுத்தில். இருப்பதில் நல்ல தோலாக எடுத்து, வேறு யாரையும் தொடவிடாமல் நானே மெஷினில் உட்கார்ந்தேன். கடைசியில் அச்சைச் சூடாக்கி மூடியின் நடுவில் வைத்து அழுத்தினேன். எழுத்து நல்ல பள்ளமாக, கறுப்பாக விழுந்தது. பட்டறையில் ஒவ்வொருவராக வந்து தடவிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசு அவளுக்கா எனக்கா என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

ரயிலேற்றும்போது கொடுத்தேன். அவள் விரல்கள் அந்த எழுத்தின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு, "சூப்பரா இருக்கு மாமா" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். வீட்டைப் பிரிகிற வருத்தம் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு வந்தாள். பட்டறைக்கு என்னைப் பார்க்க வந்து, பையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்தாள். தையல் எங்கேனும் விட்டிருக்கிறதா என்று பையை இழுத்துப் பார்த்தேன். அந்தத் தோல் வெயில் பட்டால் கறுக்கும். பையின் பின்பக்கம் தேன் நிறத்துக்குக் கறுத்து, கீறல் விழுந்து கிடந்தது. எழுத்துள்ள மூடி மட்டும் கொடுத்த அன்று இருந்த நிறத்திலேயே இருந்தது. தோளில் மாட்டும் வார் முறுக்கிக்கொண்டு நின்றது.

எனக்கு விளங்கிவிட்டது. எழுத்தை உடம்போடு அணைத்து, பையைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் தினமும் காலேஜுக்குப் போயிருக்கிறாள். ஒரு பென்சில் எடுக்க வேண்டுமானாலும் பையைத் திருப்பி, மூடியைத் திறந்து, மறுபடி திருப்பிக்கொள்ள வேண்டும். அப்படியும் என் பையை விட்டுவிட்டு வேறு பை வாங்கவில்லை.

"எவனும் எதும் சொன்னானா?" என்றேன். குரல் ஏறிவிட்டது.

"இல்ல மாமா. எல்லாரும் நல்லாத்தான் பேசுனாங்க. அதான் பிராப்ளம்."

முதல் வாரமே ஓர் ஆசிரியர் எழுத்தைப் பார்த்துவிட்டு ரொம்பவும் சந்தோஷப்பட்டாராம். அவர்கள் பாடத்திலேயே தாராவி வருகிறதாம். இவளை எழுந்து நிற்கச் சொல்லி, வீடு எவ்வளவு அகலம், எத்தனை பேர் படுப்பீர்கள், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார்களாம். மரியாதையாகத்தான் கேட்டார்களாம். அதற்கப்புறம் குடிசை என்று பேச்சு வந்தாலே வகுப்பு மொத்தமும் இவள் பக்கம் திரும்புமாம்.

"மத்தவங்ககிட்ட அவங்க வரைஞ்சதப் பத்திப் பேசுவாங்க மாமா. என்கிட்ட மட்டும் வீட்டப் பத்திக் கேப்பாங்க."

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "தமிழ்லயாவது போட்டிருக்கலாம். எங்க கிளாஸ்ல ஒருத்தருக்கும் படிக்க வராது. எனக்கே எழுத்துக் கூட்டித்தான் வரும்."

நான் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து மூடியின் தையலைப் பிரித்தேன். அவள் தடுக்கவில்லை. தடுப்பாள் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது, அது வலித்தது. அதே தோலில் வேறு மூடி வெட்டி, ஒன்றும் பதிக்காமல் தைத்துக் கொடுத்தேன். முன்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு, ஒரே கையால் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"மஸ்த் மாமா, ரொம்ப நல்லாருக்கு" என்றாள்.

அவள் டெல்லிக்குத் திரும்பும்போது என் மனைவி கெட்டில் வாங்கிக் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. எழுத்து விழுந்த மூடி பட்டறை மேஜை டிராயரில் கிடக்கிறது. வேறு எந்தப் பையிலும் அதை வைத்துத் தைக்க எனக்கு மனசில்லை.

'நான் அப்பவே சொன்னேன்ல மாமா' என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் கேட்கவே இல்லை.