மட்டக்குதிரைகளுக்கு முன்னால் அவள் சொன்னது

ஹனோவரிலிருந்து என் சிநேகிதி அழைத்தபோது நான் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"வடகடலில ஒரு தீவு இருக்குதாம். அங்க மட்டக்குதிரையள் திரியுதாம். ஒரு பொம்பிளை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறாவாம், பழைய தேவாலயம், கல்லறையள் எல்லாத்தையும் சேர்த்து. உன்ர ஞாபகம்தான் வந்தது. ரெண்டு பேருமாப் போவமே?"

நான் யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்தவள். அங்கே மட்டக்குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் வெளியில் தம்பாட்டில் மேய்ந்து திரியும். அது ஜெர்மனியில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்குத் தெரிந்த விசயம். ஆனால் குதிரை என்ற சொல்லைக் கேட்டால் எனக்குள் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அகதியாக வந்த புதிதில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில், ஹைம் என்று நாங்கள் சொல்லும் அகதி விடுதியில், அவளும் நானும் ஒரே அறையில் இருந்தோம். இரும்புக் கட்டிலில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்தட்டு எனக்கு. அவள் மானிப்பாய்க்காரி. தகப்பனுக்கு அங்கே ஒரு புடவைக்கடை. கனகாலம் சென்று என் மகன் பேசத் தொடங்கியபோது 'அம்மா'வுக்கு அடுத்ததாகச் சொன்ன சொல் 'அன்ரி'. அது அவளைத்தான்.

கோடை விடுமுறையில் போனோம். அவள் கட்லெட் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள். கப்பலின் மேல்தட்டில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சாப்பிட்டோம். ஒரு கடற்பறவை அவளுடைய கையிலிருந்த பாதிக் கட்லெட்டைப் பறித்துக்கொண்டு போனது. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம்.

வழிகாட்டி உயரமான ஒரு ஜெர்மன் பெண். முழங்கால் வரைக்கும் றப்பர் சப்பாத்து, காற்றை வெட்டிக்கொண்டு போகும் குரல். எங்களைத் தவிர வந்தவர்கள் எல்லோரும் ஜெர்மன்காரர், அநேகமாக ஓய்வுபெற்றவர்கள். முதலில் தேவாலயத்து முற்றத்துக்குப் போனோம். பழைய கப்பல் தலைவர்களின் கல்லறைக் கற்கள் அங்கே வரிசையாக நின்றன. ஒவ்வொரு கல்லின் உச்சியிலும் பாய் விரித்த கப்பல்; கீழே அந்த மனிதனின் முழு வாழ்க்கையும் எழுத்தில். வழிகாட்டி ஒன்றை வாசித்துக் காட்டினாள். பழைய ஜெர்மன் எனக்குப் பிடிபடவில்லை. என் சிநேகிதி காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் பல்வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்கிறவள், ஜெர்மன் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. என்னுடைய ஜெர்மன் சட்டி பானையோடு நின்றுவிட்டது.

பிறகு புல் வேய்ந்த ஒரு கப்பல் தலைவரின் வீடு. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். அடுப்பைச் சுற்றி நீலப் படம் போட்ட ஓடுகள். அதையெல்லாம் நான் பாதி மனதோடுதான் பார்த்தேன். குதிரைகள் எப்போது வரும் என்றே இருந்தது.

கடல் உள்ளே வராமல் கட்டிய மண் அணையில் ஏறி மறுபக்கம் இறங்கியதும் கண்டேன். உப்புப் புல்வெளியில் இருபது முப்பது நின்றன. எங்களுடைய குதிரைகள் விலா எலும்பு தெரிய மெலிந்திருக்கும். இவை கொழுகொழுவென்று, கண்ணை மறைக்கும் பிடரி மயிரோடு நின்றன. ஆனால் காதைத் திருப்பும் விதமும், ஆளைக் கண்டால் முதலில் ஒரு காலை மட்டும் பின்னுக்கு வைக்கும் விதமும் ஒன்றுதான். ஒரு பெட்டைக் குதிரை வந்து என் உள்ளங்கைக்குள் சூடாக மூச்சு விட்டது. நான் அசையாமல் நின்றேன்.

அப்போது வழிகாட்டி கேட்டாள்: "உங்களில் யாராவது சின்ன வயதில் குதிரைகளோடு வளர்ந்தவர்கள் இருக்கிறீர்களா?"

என் சிநேகிதி கையைத் தூக்கினாள். என்னைக் காட்டப் போகிறாள் என்று நினைத்து மனதுக்குள் ஒரு ஜெர்மன் வசனத்தை அவசரமாகக் கோர்த்தேன்.

"நான் ஒரு தீவில் பிறந்தேன்," என்றாள் அவள். "இலங்கைக்கு வடக்கே. எங்கள் தீவிலும் இப்படிக் குதிரைகள் உண்டு."

பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"மழை பொய்த்தால் குளங்கள் வற்றிவிடும். என் அப்பா பின்னேரங்களில் கிணற்றில் தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்புவார். குதிரைகள் அவருக்காகக் காத்து நிற்கும். ஒருநாள் கடலில் வந்த படகிலிருந்து சுட்டார்கள். குதிரைகள் எங்கள் வீட்டுப் பக்கமாக ஓடி வந்தன. அப்பா வரவில்லை. அம்மாவும் நானும் ஓடினோம். அப்பா தொட்டியடியில் கிடந்தார். ஒரு வெள்ளைக் குதிரை மட்டும் ஓடாமல் பக்கத்தில் நின்றது. தொட்டியில் தண்ணீர் இருந்தது. அது குடிக்கவில்லை."

அது என் அப்பா. அந்த வெள்ளைக் குதிரை குடிக்காமல் நின்றதைக் கண்டவள் நான். என் கணவருக்குக்கூட, சண்டையில் அப்பா செத்துப்போனார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். முழுவதையும் சொன்னது ஒரேயொரு ஆளுக்கு, அந்த ஹைமில், மேல்தட்டிலிருந்து ஒரு கை தொங்கி என் கையைப் பிடித்திருந்தபோது.

வழிகாட்டி அவளைக் கட்டிப்பிடித்தாள். ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய மனைவி என்னிடம் திரும்பி மெல்லக் கேட்டார்: "நீங்களும் அந்தத் தீவுதானா?"

நான் வாயைத் திறக்க முதல் என் சிநேகிதி சொன்னாள்: "இல்லை, இவள் வேறு ஊர். என்னுடைய சிநேகிதி."

அந்த இடத்தில், அந்த மொழியில், 'அது என்னுடைய அப்பா' என்று சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்கள்? ஆனால் என் வாயைக் கட்டியது அது மட்டுமல்ல. அவள் சொன்ன விதம். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை மெதுவாகச் சொல்வது என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாக இருந்தது. முதல் தடவை சொல்கிறவள் அப்படிச் சொல்லமாட்டாள்.

அப்போதுதான் மற்றது விளங்கியது.

எங்கள் இருவருக்கும் அகதி விசாரணை ஒரே காலத்தில்தான் நடந்தது. அவளுக்கு முதலில், எனக்குச் சில கிழமைகள் பிந்தி. நான் அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அந்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். மொழிபெயர்ப்பாளர் என்னிடம், "இதே கதையை வேற ஆரோ ஏற்கெனவே சொல்லிப்போட்டினமாம், உங்கட சொந்தக் கதையைச் சொல்லட்டாம்," என்றார். அன்ராக் என்று நாங்கள் சொல்லும் என்னுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அவளுடையதை ஏற்றுக்கொண்டார்கள். அவள் தொழிற்பயிற்சி, வேலை என்று ஹனோவருக்குப் போனாள். நான் ஆண்டுக்கணக்காக, சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டித் தரும் தற்காலிக வதிவிடத் துண்டோடு அந்த மாவட்டத்துக்குள்ளேயே கிடந்தேன். கனடாவில் அண்ணனோடு இருந்த அம்மா செத்தபோது எல்லை தாண்ட எனக்கு அனுமதி இல்லை. அன்று ரயிலேறி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதவள் அவள். "ஆர் அந்தக் கதையைச் சொல்லியிருப்பினம்?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "ஊராக்களிட்டக் கேட்டு, ஆக்களை அனுப்புற ஏஜென்சிக்காரன் ஆருக்கோ சொல்லிக்குடுத்திருப்பான்," என்பாள்.

திரும்பி வரும் கப்பலில் அவள் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். நான் கோப்பையைத் தொடவில்லை.

"விசாரணையில சொன்னது நீங்கள்தானே?" என்று கேட்டேன்.

வாழ்நாளில் அவளை நான் நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஓம்," என்றாள். "என்னட்ட சொல்லிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லையடி. கடை எரிஞ்சது, பயமாக்கிடந்தது, வந்தனான். அதைச் சொன்னா அடுத்த பிளேனில ஏத்தியிருப்பாங்கள்."

"அது எனக்கு விளங்குது. எனக்கு இல்லையெண்டு சொன்ன நேரம் ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பாங்கள்."

"அதுக்குப் பிறகு? எனக்கு விசா கிடைச்ச பிறகு? என்ர அம்மா செத்த நேரம் என்னைப் பிடிச்சுக்கொண்டு அழுதீங்களே, அப்ப?"

அவள் என்னுடைய கோப்பையை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"சரி, அதுகும் போகட்டும். இண்டைக்கு ஏன்? இண்டைக்கு உங்களை ஆர் விசாரிச்சது?"

"எனக்குத் தெரியேல்லை." குரல் உடைந்தது. "சொல்லிச் சொல்லி அது என்ர மாதிரி ஆயிட்டுது. அவ கேட்டவுடன கை தன்பாட்டில எழும்பிட்டுது. வீட்டிலயும் பிள்ளையளுக்கு அப்பிடித்தான் தெரியும். அதுகளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, கும்பிட்டுக் கேக்கிறன்."

அவளுடைய அப்பா மானிப்பாயிலிருந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து இலண்டனுக்குப் போய், அங்குள்ள பேரப்பிள்ளைகளோடு செல்லம் கொஞ்சி, எண்பது தாண்டித்தான் இறந்தார். "உங்கட அப்பா இலண்டனில இருந்தவரெல்லோ? பிள்ளையளுக்கு அவரை ஆரெண்டு காட்டினனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ர சித்தப்பா எண்டு," என்றாள் மெல்ல.

பெற்ற தகப்பனைச் சித்தப்பாவாக்கிவிட்டு என் தகப்பனை எடுத்திருக்கிறாள். ரயிலில் நான் வேறு பெட்டியில் ஏறினேன். ஹனோவரில் அவள் இறங்கி மேடையில் நின்று ஒவ்வொரு ஜன்னலாகத் தேடியது தெரிந்தது. நான் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு மகன் சாப்பிட வந்திருந்தான். கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு அவனை மேசையில் இருத்தினேன். அவனுடைய அம்மப்பா எப்படிச் செத்தார் என்று முதல்முறையாகச் சொல்லத் தொடங்கினேன். கிணறு, தொட்டி, படகு என்று வந்து, வெள்ளைக் குதிரையைச் சொல்ல முதலே அவன் குறுக்கிட்டான்.

"அம்மா, இது அன்ரியின்ர அப்பாவின்ர கதையெல்லோ? சின்னனில அவவின்ர மகள் எனக்குச் சொன்னவள். நாங்கள் அந்தக் குதிரையைப் படமாக் கீறியும் பாத்தனாங்கள்."

என் மகன் என் அப்பாவைப் பற்றி நான் சொல்ல முதலே கேட்டிருக்கிறான், இன்னொரு குடும்பத்துப் பிணமாக.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இருந்தேன். "இல்லை மோனை," என்றேன், "அது அம்மப்பா." பிறகு, என் சிநேகிதிக்கு நான் ஒருபோதும் சொல்லாதவற்றிலிருந்து தொடங்கினேன். அப்பா இடதுகைக்காரர் என்பதால் வாளி எப்போதும் கிணற்றின் மறுபக்கத்தில் இருக்கும். குதிரைகளைப் பேர் சொல்லாமல் விசிலடித்துத்தான் கூப்பிடுவார். மகன் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த விசில் எப்படியிருக்கும் என்று கேட்டான். எனக்கு அடிக்க வரவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றேன், காற்றுத்தான் வந்தது.