பிலாத்து அம்மாவின் முந்தானை

ஆயா ஹில்டா கை கழுவுவதைப் பார்ப்பதே கிழக்குத் தாம்பரம் முதியோர் இல்லத்துக் கிழவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஒருவர் முகத்தைத் துடைத்தால் ஒரு கழுவல். அடுத்தவர் முதுகு தேய்க்கப் போகுமுன் இன்னொன்று. சோப்புக்கட்டி அவளைக் கண்டாலே இளைத்துவிடும். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற எலியேசர்தான் அவளுக்குப் பிலாத்து அம்மா என்று பெயர் வைத்தார்.

"ஏசுவ சிலுவைக்கு அனுப்புன பிலாத்துகூட ஒரு தடவைதாம்மா கை கழுவுனான். நீ இன்னா பாவம் பண்ணிட்டு இப்படிக் கழுவிக்கினே கீற?"

"உங்க மூஞ்சியத் தொட்ட பாவந்தான் சார். கண்ண மூடுங்க."

எலியேசருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை ஆபரேஷன். அதுவரை பக்கத்துக் கட்டில் தயாளன்தான் பேப்பர் படித்துக் காட்டவேண்டும். தயாளனோ தனக்குப் பிடிக்காத கட்சி ஜெயித்தால் தோற்றதாகவே படிப்பவர். நாட்டில் என்ன நடக்கிறதென்று தெரியாமலே கண்ணை மூடிவிடுவோமோ என்று எலியேசருக்கு உள்ளூர பயம்.

அந்த வாரம் பார்த்தா மெட்ராஸ் ஐ வரவேண்டும்! முதலில் தயாளன், பின் சவுரிமுத்து, அப்புறம் யேசுதாசன்.

"சிவந்த கண்ணோட போனா டாக்டர் திருப்பி அனுப்பிடுவார்," என்றார் வார்டன் ஞானஜோதி. "அடுத்த முறை கிறிஸ்துமஸ் கழிச்சுத்தான்."

ஹில்டா ஆளுக்கொரு துண்டு ஒதுக்கினாள். எல்லாவற்றையும் அண்டாவில் போட்டு வேகவைத்தாள். கண்ணைக் கசக்கிய சவுரிமுத்துவைத் திட்டித் தீர்த்தாள். அப்படியும் நோய் கட்டில் கட்டிலாகப் பரவி எலியேசரைச் சுற்றி வளைத்தது.

சனிக்கிழமை காலை தயாளனின் முகத்தைத் துடைத்து, கை கழுவி, எலியேசரிடம் குனிந்தாள். அவர் மூக்கைச் சுளித்தார்.

"தயாளன் இங்கியா நிக்கறான்?"

"அவரு அங்க படுத்துகினு கீறாரு சார்."

"பின்ன அவன் நெத்தித் தைலம் இங்க எப்படி மணக்குது?"

ஹில்டா கையை முகர்ந்தாள். சோப்புக்கு மேலே தைலம். இடுப்பில் செருகியிருந்த முந்தானையைப் பார்த்தாள். ஈரமாக, அழுக்காக, அங்கங்கே பீளைக் கறையோடு இருந்தது. குனியும்போதெல்லாம் அது நழுவிக் கிழவர்களின் முகத்தில் புரண்டிருக்கிறது. கழுவிய கையை ஒவ்வொரு முறையும் அதில்தான் துடைத்திருக்கிறாள். தண்ணீர் பட்ட கை தானாக முந்தானைக்குப் போகும். அதை அவள் ஒருநாளும் யோசித்ததேயில்லை.

"கிட்ட வரமாட்டேன் சார். நாந்தான் இந்த நோவ ஊருக்கெல்லாம் பூசியிருக்கேன்," என்றாள்.

"பிலாத்து கையை எதுல தொடச்சான்னு வேதத்துல எழுதல பாரு. அதான் கோட்டை விட்டுட்ட," என்றார் எலியேசர்.

அன்றிலிருந்து வேகவைத்து உலர்த்திய போர்வைத் துணியைச் சேலைக்கு மேலே கட்டிக்கொண்டு, கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்துக் காற்றில் உலர்த்தியபடி வந்தாள். போதகர் ஆசீர்வாதம் கூறுவதுபோலிருந்தது. கிழவர்கள் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள்.

திங்களன்று எலெக்ட்ரிக் ரயிலில் அவரை அழைத்துப்போனாள். டாக்டர் இமையைத் தூக்கி, இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. பெட் போட்டுடலாம்."

ஹில்டாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கை இடுப்புப் பக்கம் போய், பாதியில் நின்றது.

"தொடைக்காத," என்றார் எலியேசர், விசும்பல் வந்த பக்கம் திரும்பி. "காத்துல காயட்டும்."